சடுதியான வெப்பம்

கொட்டாஞ்சேனையில் பேக்கரி எரிந்த மறுநாள்
கரித்தண்ணீரில் சப்பாத்து ஊற நின்றேன்.
காப்புறுதி மதிப்பீட்டாளன். அப்போது முப்பத்திரண்டு வயது.
ஆட்களிடம் அதிகம் கேட்கமாட்டேன்,
கூட்டிச் சொல்வார்கள், இல்லையென்றால் அழுவார்கள்.
கண்ணாடியிடம் கேட்பேன்.

தேத்தண்ணிக் கிளாஸ்கள் தட்டோடு கிடந்தன
அடி கழன்று, வட்டம் வட்டமாய்.
தடித்ததற்கு வரும் சாவு அது.
ஒரு சுவர் சூட்டில் பருக்கப் பார்க்கும்,
மறு சுவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திராது,
இடையில் இழுபட்டு
'டிக்' என்று ஒரு சத்தம்.
மெல்லிசான கிளாஸ் தப்பிவிடும் பல வேளை.

வீதிப் பக்கத்து யன்னல் வேறு சாதி.
சட்டத்துக்குள் ஒளிந்த விளிம்பு குளிர்ந்தே கிடக்க
நடு மட்டும் காய்ந்து விரிய
விளிம்பில் புறப்படும் வெடிப்பு
களனி கங்கைபோல் வளைந்து வளைந்து போகும்.
நாற்பது பாகை வித்தியாசம் போதும் அதற்கு.

முன்கதவு, பதமேற்றிய கண்ணாடி.
காலிமுகத்திடலைப் பார்த்து நிற்கும் கோபுரங்களுக்குப் போடுவது.
இருநூறு பாகைவரை வாய் திறக்காது
பிறகு ஒரேயடியாய்க் கற்கண்டு கற்கண்டாய்க் கொட்டும்.
படியில் குவிந்திருந்தது,
மிதித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

குசினியில் ஒரு கேக் தட்டு மட்டும்
புகையில் கறுத்து, முழுசாய்.
போரோசிலிக்கேற். சூடு பட்டாலும் பெரிதாய்ப் பருக்கத் தெரியாத கண்ணாடி.
டுபாயிலிருந்து தங்கச்சி அனுப்பியதாம்.
சொன்னவள் உரிமையாளர், பெனடிக்டா.
நான் கேட்கவில்லை.

பின் யன்னலில்தான் அதைக் கண்டேன்.
உடையவில்லை.
உடம்பெல்லாம் மயிர்வெடிப்பு, வலைக்குள் வலை,
காய்ந்த குளத்துச் சேறு ஒரு சாணுக்குள் சுருங்கினாற்போல்.
எங்கள் கையேட்டில் அதற்கு ஒரு வரி இருந்தது.
அந்த வரியை அப்படியே எழுதினேன்:
சடுதியான வெப்பம். எரிதிரவம் சந்தேகம்.
மண்ணெண்ணெய் என்று எழுதவில்லை.
எழுதத் தேவையில்லை.

காசோலை போகவில்லை.
கந்தோர்ப் படியில் ஒருமுறை மறித்துக் கேட்டாள்,
"சேர், யன்னலை மட்டுந்தானா பாத்தனீங்கள்?"

பதினொரு வருடம்.
தெகிவளை வீட்டில், மனைவி தூங்கிய பிறகு
பழைய யன்னல் துண்டுகளை காஸ் அடுப்பில் பிடித்தேன்.
மெதுவாய்ச் சூடாக்கினேன். சட்டென்று சூடாக்கினேன்.
நீள நீளமாய் வெடித்தன. ஒன்று ஓரம் மழுங்கித் தொய்ந்தது.
வலை விழவேயில்லை.
அலுத்துப்போய், கடைசித் துண்டை இடுக்கியோடு
தொட்டிக்குள் வைத்தேன்.
குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கடுகு பொரிகிற சத்தம்.

ஜம்பட்டா வீதியால் பவுசர் வந்ததும்
பின்பக்கம் குழாய் பிடித்ததும்
என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது,
என் கையெழுத்தில், நேரத்தோடு.
தண்ணீர் எழுதியதை
நான் நெருப்பின் எழுத்தாய் வாசித்திருக்கிறேன்.

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது போன் கடை,
டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறார்கள், முந்நூறு ரூபாய்.
பையனுக்குப் பழைய கதை தெரியாது.
எதிர்ச் சலூன்காரர்தான் மட்டக்குளி என்றார்.

முன்னறையில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள்,
கை நிறைய மா.
கோப்பு என் பைக்குள். நான் ஓய்வெடுத்தாயிற்று,
கோரிக்கைக்கு இருந்த காலமும் கடந்தாயிற்று.
எதைச் சொல்லித் தொடங்குவது என்று
நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யன்னல் பாத்த சேர் தானே?
இருங்கோ."

மலிவுக் கிளாஸ் ஒன்று எடுத்தாள், தடித்த அடி.
கரண்டியை உள்ளே போட்டாள் முதலில்,
சூட்டை அது வாங்கிக்கொள்ளட்டும் என்று.
பிறகு கேத்திலைச் சரித்தாள்
கொஞ்சம், நிறுத்தி
கொஞ்சம்.
இருவருமே கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"சீனி போடவா?" என்றாள்.